நாலு குளிசையும் ஒரு மீன்பெட்டியும்

ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடியில் என்னைப் பிடித்து வைத்தவை நான்கு நீலப் பைகள். உள்ளே கூழ் அடைத்த பிளாஸ்டிக் பைகள். டென்மார்க்கில் உறைகுளிரில் வைத்து எடுத்தால் ஒரு நாள் முழுக்கக் கல்லாக இருக்கும். வன்னி வெயில் அவற்றை வவுனியா தாண்டுமுன்பே களியாக்கிவிட்டது. சிப்பாய் ஒன்றை எடுத்தார், அமுக்கினார், மணந்தார், மேலதிகாரியைக் கூப்பிட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் "ஐஸ்" என்றேன். மேலதிகாரி பையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று எடுத்தார். அது சுட்டது.

"இது ஐஸா?" என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

இரத்தம் கொண்டுபோகும் பெட்டி, வைத்தியசாலைக் கடிதம், என் கடவுச்சீட்டு எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். ஒரு மணித்தியாலம் கழித்து விட்டார்கள். நடுவில் இருந்த வெளியைக் கடந்து அந்தப் பக்கத்து இயக்கத்தின் சாவடிக்குப் போனால் அங்கேயும் மேசை, அங்கேயும் கேள்வி. பதிவு எழுதிய பிள்ளை பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மிகுந்த நேர்மையோடு எழுதினார்: "நீல ஐஸ் – நாலு. சூடானது."

இன்னொன்றும் அங்கே நடந்தது. அந்தப் பக்கத்தில் கடிகாரம் அரை மணித்தியாலம் பின்னால் இருந்தது. கொழும்பு எப்போதோ நேரத்தை மாற்றியபோது வன்னி மாறவில்லையாம். யாரிடம் நேரம் கேட்டாலும் "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று திருப்பிக் கேட்டார்கள். ஓமந்தையில் நான் இழந்த ஒரு மணித்தியாலத்தில் பாதி இப்படித் திரும்பக் கிடைத்தது.

நான் மருத்துவம் படித்தவன். ஆனால் நோயாளியைத் தொட்டுப் பார்த்துப் பதினாறு வருடமாகிறது. டென்மார்க்கில் ஒரு மருந்து நிறுவனத்தில் புற்றுநோய்க்குப் புதிய மருந்து உருவாக்கும் குழுவில் இருக்கிறேன். எலிக்குக் கொடுப்போம். எலி பிழைத்தால் கூட்டம் வைப்போம். பிறகு ஒரு சில மனிதர்களுக்குச் சொட்டுச் சொட்டாய் அளவைக் கூட்டிக் கொடுத்துப் பார்ப்போம். பிறகும் கூட்டம். பெரும்பாலான மருந்துகள் பாதி வழியில் செத்துப்போகும். என் கையில் ஐந்து செத்தன, ஆறாவது பிழைத்தது. மெதுவாக நகரும் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கான குளிசை. அதற்கு அளவு போட்டவன் நான்: காலைச் சாப்பாட்டோடு நாலு. மூன்று போதும் என்று எங்கள் புள்ளிவிபரக்காரர் ஏழு மாதம் என்னோடு மல்லுக்கட்டினார். நாலுதான் என்று நின்று வென்றேன். என் வாழ்க்கையில் நான் வென்ற ஒரே சண்டை அது.

மருந்து வெளியே வந்த கையோடு உருத்திரபுரத்தில் இருக்கும் என் அக்கா சிவபாக்கியத்துக்கு அதே வருத்தம் வந்தது. வசதியில்லாத நோயாளிகளுக்கு எங்கள் நிறுவனம் இலவசமாய்க் கொடுக்கும் திட்டத்தில் அவளைச் சேர்த்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு போத்தல் கொழும்பு வைத்தியசாலை வழியாகப் போகும். முதல் வருடம் வெள்ளணுக்கள் மளமளவென்று இறங்கின. கடைசி ஆறு மாதமாக மெல்ல ஏறுகின்றன. மருந்து இனிப் பிடிக்காது போலிருக்கிறது என்று கொழும்பு நிபுணர் எழுதியிருந்தார்.

அதனால்தான் இந்தப் பயணம். அக்காவிடம் ஒரு குழாய் இரத்தம் எடுத்து, உறையவும் விடாமல் சூடேறவும் விடாமல், இரண்டு நாளுக்குள் கொழும்பு ஆய்வுகூடத்தில் கொடுக்க வேண்டும். நோய் உருமாறி மருந்துக்குத் தப்பிக்கப் பழகிவிட்டதா என்று பார்த்துச் சொல்வார்கள். தப்பியிருந்தால் வேறு மருந்து அப்போது உலகத்தில் இல்லை. அதைத் தேடிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் எனக்கு அது நன்றாகத் தெரியும்.

கிளிநொச்சியில் அத்தான் லான்ட்மாஸ்டரோடு நின்றார். இரண்டு சில்லு உழவு இயந்திரம், பின்னால் ஒரு பெட்டி. பெட்டிக்குள் யூரியாப் பைகள், பைகளுக்கு மேல் நான். டென்மார்க்கில் ரயில் மூன்று நிமிடம் பிந்தினால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். அத்தானின் வண்டி நடுவழியில் பட்டி அறுந்து முக்கால் மணித்தியாலம் நின்றது. மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக அத்தான் அதன் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"உவர் பாவம், காலையில இருந்து ஓடினவர். இரணைமடுக் குளத்தில இந்த முறை நல்ல தண்ணி தம்பி, பாத்தனீரோ?"

நான் பார்த்தது யூரியாவை மட்டும்தான்.

அக்கா மெலிந்திருந்தாள். ஆனால் வாய் மெலியவில்லை. "டென்மார்க்கில உனக்கு ஒருத்தரும் சோறு தாறேல்லையோ?" என்று தொடங்கி, சிவப்பரிசிப் புட்டும் இரணைமடு விரால் குழம்பும் என் சாப்பாட்டுக் கோப்பையில் குவித்தாள். முடிந்ததும் ஒரு கிண்ணத்தில் வட்டிலப்பம் வந்தது. கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் ஏலக்காயும் சேர்ந்து, கரண்டி வைத்தால் நடுங்கும் வட்டிலப்பம். நான் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

"அக்கா, இது எப்ப பழகினனீ?"

"இப்பதான்" என்றாள் அக்கா. உடனே விளக்கைத் துடைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் புதன்கிழமை காலை முற்றத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். வெளிநாட்டு டொக்டர் வந்திருக்கிறார் என்று அத்தான் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். என்னிடம் நெஞ்சில் வைத்துக் கேட்கும் குழாய்கூட இல்லை. நான் மருந்து உருவாக்குகிற டொக்டர் என்று விளக்கினேன். "ஓ, மருந்து கலக்கிறவர்" என்று ஒருவர் மற்றவருக்கு மொழிபெயர்த்தார். குளிசைக்குள் கையால் தூள் அடைப்பது கடினமா என்று ஒரு பெண் அனுதாபத்தோடு விசாரித்தாள். முன்வரிசையில் வினாசித்தம்பி என்றொருவர், வலது முழங்காலைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார்.

"டொக்டர், இந்த முழங்கால் நோவுக்கு உங்கட குளிசையில ரெண்டு தாங்கோ."

"ஐயா, நான் செய்யிற குளிசை வேற வருத்தத்துக்கு."

"முழங்காலுக்குக் குடுத்துப் பாத்தனீங்களோ?"

"இல்லை."

"குடுத்துப் பாக்காமல் கேக்காது எண்டு என்னெண்டு சொல்லுவீங்கள்?"

எங்கள் நிறுவனத்துக் கூட்டங்களில் இதைவிடக் கூர்மையான கேள்வியை நான் கேட்டதில்லை. அவருக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் சொல்லி அனுப்பினேன். அவர் திருப்திப்படவில்லை.

வியாழக்கிழமை என் தொழிலைக் காட்டினேன். மருந்துச் சோதனையில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியிடம் போத்தலை வாங்கி மிச்சத்தை எண்ணுவோம். ஒழுங்காகக் குடிக்கிறாரா என்று அதில் தெரியும். அக்காவின் போத்தலைக் கவிழ்த்து எண்ணினேன். ஒன்றுகூடக் கூடவில்லை, ஒன்றுகூடக் குறையவில்லை. சந்தோசப்பட வேண்டியவன் யோசித்தேன். பதினாறு வருடத்தில் ஒருவருடைய போத்தலும் இவ்வளவு சரியாக இருந்ததில்லை. மனிதர்கள் மறப்பார்கள், கல்யாண வீட்டுக்குப் போவார்கள், வயிறு சரியில்லையென்று விடுவார்கள். அக்காவோ இடம்பெயர்ந்த காலத்தில் அடுப்பில் வைத்த கேத்தலையே மறந்து வந்தவள்.

"ஒரு நாளும் தவறவிடேல்லையோ?"

"காலமை நாலு எடுத்தால் நாலுதான்" என்றாள் அக்கா. எடுப்பதைச் சொன்னாளே தவிர, விழுங்குவதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் கவனிக்கவில்லை. எண்ணிக்கை சரியென்றால் மருந்துதான் பிழை.

என் நீலப் பைகள் இப்போது உதவாது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. ஐஸுக்கு என்ன வழி என்று அத்தானைக் கேட்டேன்.

"மீன்கார அந்தோனியிட்ட வாங்கலாம். முல்லைத்தீவில இருந்து செவ்வாயும் வெள்ளியும் வாறவர். நாளைக்கு எங்கட வாசல் படலையில நிப்பார்."

எனக்குப் பொறி தட்டியது அங்கேதான். வெள்ளிக்கிழமைகளில் அக்கா வீட்டில் மீன் வாசம் வர விடமாட்டாள். மீன்சட்டிகூடப் படலைக்கு வெளியே நிற்க வேண்டும். அப்படியான வீட்டுக்கு வெள்ளிக்கிழமை மீன்காரர் ஏன் வருகிறார்?

வெள்ளி காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு படலையடியில் நின்றேன். எம்.டி.90 மோட்டார் சைக்கிள் ஒன்று புகை விட்டுக்கொண்டு வந்தது. பின்னால் பெரிய மீன்பெட்டி. அந்தோனி ஹோர்ன் அடிக்கவில்லை, "மீனோய்" என்று கூவவில்லை. பெட்டிக்கு மேலே கயிற்றில் கட்டியிருந்த வாழையிலை மூடிய சட்டியை மெல்ல இறக்கினார். அதே நேரம் அக்கா திருநீற்று டப்பியோடு வெளியே வந்தாள். என்னைக் கண்டதும் நின்றாள். மூன்று பேரும் நின்றோம்.

"அண்ணை, வெள்ளிக்கிழமை இந்த வீட்டுக்கு என்ன மீன்?" என்று கேட்டேன்.

அந்தோனி கள்ளம் தெரியாத மனிதர். "மீன் இல்லை டொக்டர், மருந்து. டப்பியைக் கொண்டுபோய்க் குடுக்கிறது, சட்டியை இஞ்ச கொண்டுவாறது. ஆறு மாசமா நான்தான்."

வாழையிலையை விலக்கினேன். வட்டிலப்பம். டப்பியைத் திறந்தேன். திருநீறு இல்லை, ஆறு குளிசைகள். என் குளிசைகள்.

கதை இதுதான். வவுனியா வைத்தியசாலையில் அக்காவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவள் றஹீமா. முல்லைத்தீவை விட்டுப் பல வருடம் வெளியே இருந்துவிட்டு அப்போதுதான் குடும்பத்தோடு திரும்பியிருந்தாள். புருசன் ஹனீபாவுக்கு ஒரு சின்னப் பிடவைக்கடை. அவளுக்கும் இதே வருத்தம். மருந்து மட்டும் இல்லை. அன்றிலிருந்து அக்கா ஒவ்வொரு காலையும் நாலு குளிசை எடுப்பாள். இரண்டை விழுங்குவாள், இரண்டை டப்பியில் போடுவாள்.

நான் கத்தினேன். நாலு என்றால் நாலு, அதற்காக நான் ஏழு மாதம் சண்டை பிடித்தவன், பாதி அளவு மருந்தே இல்லை என்று முற்றத்தில் நின்று கத்தினேன். அந்தோனி மீன்பெட்டியைத் திறந்து மூடினார், திறந்து மூடினார்.

"ஏன்டா கத்துறாய்?" என்றாள் அக்கா. "சண்டைக்குப் பாதை பூட்டின காலத்தில ஒரு பனடோலை நாலா உடைச்சு நாலு வீட்டில குடிச்சனாங்கள். நாலு பேருக்கும் காய்ச்சல் விட்டது."

"அது தன்ர பாட்டில விடுற காய்ச்சல் அக்கா."

"அப்ப ஏன் அதை விக்கிறாங்கள்?"

மருந்தின் செறிவு, இரத்தத்தில் அதன் அளவு, நோய் பழகிக்கொள்ளும் விதம் என்று என் பதினாறு வருடத்தையும் அவிழ்த்துவிட்டேன். அக்கா கொட்டாவி விட்டாள். மண்வெட்டியோடு வந்த அத்தான் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னார்:

"பாக்கியம், போன காலபோக நெல்லில பூச்சிக்குப் பாதி மருந்தடிச்சனான், நினைவிருக்கே? பூச்சி சாகேல்லை. பழகிப்போச்சு. பிறகு முழுசா அடிச்சும் கேக்கேல்லை."

அக்காவின் முகம் மாறியது. எனக்கு அந்த நேரம் கோபமும் சந்தோசமும் ஒன்றாய் வந்தன. மருந்து தோற்றுத்தான் போனது என்று இனி யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அக்கா பிழைக்கலாம். அப்போது அவள் கேட்டாள்:

"அப்ப ஆர் சாகிறது தம்பி? நானோ, றஹீமாவோ? அளவு போட்ட ஆள் நீதானே, நீயே சொல்லு."

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்கக் குனிந்து பெட்டியைக் கிண்டினேன். கிண்டியபோது கையில் இரண்டாவது குழாய் தட்டுப்பட்டது. ஒன்று உடைந்தால் உதவும் என்று எப்போதும் இரண்டாகக் கொண்டுபோவேன். அதற்கடியில் கொழும்பில் இருந்து நானே கொண்டுவந்த அடுத்த மூன்று மாதத்துப் போத்தல் இருந்தது.

"ஒரு ஆளுக்கு மூண்டு மாசம்" என்றேன். "ரெண்டு பேரும் நாலு நாலாக் குடிச்சால் ஆறு கிழமை, ஒண்டரை மாசம்தான். அதுக்குள்ள றஹீமாவைத் திட்டத்தில சேர்க்கிறன்."

"சேர்க்காட்டி?"

"சேர்ப்பன்."

எங்கள் நிறுவனத்தின் விதிப்புத்தகத்தில் இதற்கு எதிராக எத்தனை பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சிலவற்றை எழுதியவனே நான்தான்.

அக்காவின் கையில் நரம்பு தேடினேன். முதல் குத்து தவறியது. இரண்டாவதும் தவறியது. "எலிக்குக் குத்திற மாதிரி எனக்கும் குத்துறாய்" என்றாள். எலிக்கும் நான் குத்துவதில்லை, அதற்கு வேறு ஆட்கள் என்று சொன்னபோது அத்தானின் மனதில் என் உத்தியோகத்தின் மதிப்பு கண்ணுக்கு முன்னாலேயே இறங்கியது. மூன்றாவது குத்தில் இரத்தம் வந்தது. அந்தோனி மீன் ஐஸை அள்ளிப் பெட்டியில் போட்டார். குழாய் உறையாமலிருக்க, வெந்துபோன என் நீலப் பைகளைக் கிணற்றுத் தண்ணீரில் ஊறவிட்டு, ஐஸுக்கும் குழாய்க்கும் நடுவில் வைத்தேன். ஒருவழியாய் அவற்றுக்கும் வேலை கிடைத்தது.

முல்லைத்தீவுக்கு அந்தோனியின் பின்னால் போனேன். எனக்குப் பின்னால் மீன்பெட்டி, மடியில் இரத்தப்பெட்டி. டென்மார்க்கிலும் எல்லோரும் சைக்கிள் ஓடுவார்கள். ஆனால் அங்கே குழியை மூடிவிட்டு ஓடுவார்கள். இங்கே ஒவ்வொரு குழிக்கும் அந்தோனி முன்கூட்டியே எனக்கு அறிவித்தார்: "டொக்டர், இது பெரிசு." அறிவித்த பிறகு அதற்குள் விட்டார். பரந்தன் தாண்டியதிலிருந்து ஒரு நாய் வாசம் பிடித்துக்கொண்டு நெடுந்தூரம் கூடவே ஓடி வந்தது.

கூரைக்குப் பாதி தகரமும் பாதி கிடுகுமாய் இருந்த வீட்டில் ஹனீபா நானா ஓடிவந்து பெட்டியை வாங்கினார். றஹீமா ராத்தா வாசலில் நின்றா. அக்காவைவிட இளைத்த உருவம்.

"வாங்கோ டொக்டர் தம்பி, உங்களைக் கண்ணால காணுவன் எண்டு நினைக்கேல்லை. வட்டிலப்பம் ஒழுங்காக் கிடைக்கிறதோ?"

"எனக்கோ?"

"உங்களுக்குத்தானே செய்யிறனான்! எனக்கும் சேர்த்து மருந்து அனுப்புறவர் தம்பிதான், அவருக்கு வட்டிலப்பம் எண்டால் உயிர் எண்டு அக்கா சொன்னவா."

உண்மையைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நாலு குளிசைக் கதையைச் சொல்லாமல் இரத்தம் எடுக்க முடியாது. சொன்னேன். றஹீமா ராத்தா கதிரையில் இருந்துவிட்டா.

"அவா தன்ர மருந்தையோ தந்தவா? எனக்குத் தெரியாது தம்பி, அல்லா அறிய எனக்குத் தெரியாது." கொஞ்ச நேரம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தா. பிறகு டப்பியை எடுத்து என் கையில் திணித்தா. "எனக்கு வேண்டாம். அவாவிட்டக் குடுங்கோ."

"குடுத்தால் அவா திருப்பி அந்தோனியிட்டக் குடுப்பா" என்றேன். "இனி ரெண்டு பேருக்கும் முழு அளவு. பேசாமல் கையை நீட்டுங்கோ."

இந்த முறை முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. பாதிப் போத்தலை எண்ணிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை ஓமந்தையில் அதே மேலதிகாரி. பெட்டியைத் திறந்தார். மீன் வாசம் ஒரு அடி அடித்தது. இரண்டு அடி பின்னால் போனார்.

"இப்போது ஐஸ்" என்று சொல்லி மூடச் சொன்னார். அரை மணித்தியாலத்தை அங்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, நேரத்துக்குக் கொழும்பு போய்ச் சேர்ந்தேன்.

டென்மார்க் திரும்பிய பின் முடிவுகள் வந்தன. அக்காவின் நோய் உருமாறவில்லை. பாதி அளவுதான் பிழை, வேறொன்றுமில்லை. றஹீமாவுக்கும் அதே வருத்தம் என்று உறுதியானது. விண்ணப்பப் பாரத்தை நானே எழுதி, ஒரு பிரதியை றஹீமாவுக்கும் அனுப்பினேன். ஏழாவது கேள்வி: "நோயாளி இம்மருந்தை முன்னர் உட்கொண்டவரா? யாருடைய மேற்பார்வையில், என்ன அளவில், எவ்வழியாக?" வேறு வழியில்லாமல் உள்ளதை எழுதினேன்: "ஆம். எஸ். சிவபாக்கியம், நெற்செய்கையாளர். பாதி அளவு. மீன்பெட்டி வழியாக." இலவச மருந்துத் திட்டக் குழுவின் தலைவி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் முதலிலிருந்து முழுக்கதையையும் சொன்னேன். என்னை வேலையிலிருந்து நீக்கலாம் என்றும் சொன்னேன். கடைசியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "வட்டிலப்பத்தில் முட்டை எத்தனை?" நாலாவது கிழமை முடிவதற்குள் அனுமதி கிடைத்தது. ஐந்தாவது கிழமை றஹீமாவின் பெயர் ஒட்டிய முதல் போத்தலும், அக்காவுக்குக் குறைந்துபோன பாதிப் போத்தலும் கொழும்புக்குப் போயின.

நாலு மாதம் கழித்து அக்காவின் கடிதம் வந்தது. இரண்டு பேருக்கும் வெள்ளணு இறங்கிவிட்டதாம். அந்தோனி இப்போது வெள்ளிக்கிழமைகளில் சட்டியோடு மட்டும் வருகிறாராம். "நீ சொன்னபடி குளிசையை இனி ஒருத்தருக்கும் பங்கு போடவில்லை. பயப்படாதே. நீ றஹீமாவுக்கு அனுப்பின பாரத்தைத்தான் கிளிநொச்சியில் போட்டோக்கொப்பி எடுத்தோம்."

உறைக்குள் மூன்று பாரங்கள் இருந்தன. இரண்டு, வவுனியாவில் அதே கதிரை வரிசையில் இருந்து அக்கா பிடித்த பெண்களுடையவை, வைத்தியசாலைக் கடிதத்தோடு. பெயரை மட்டும் மாற்றிவிட்டு மிச்சத்தைப் பார்த்து எழுதியிருந்தார்கள். ஏழாவது கேள்விக்கு எல்லாரும் "சிவபாக்கியம், பாதி அளவு, மீன்பெட்டி" என்றே எழுதியிருந்தார்கள். அந்த இரண்டையும் தலைவியிடம் கொடுத்தபோது அவர் ஏழாவது கேள்வியைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது பாரம் வினாசித்தம்பியுடையது. நோய்: வலது முழங்கால். கீழே குறிப்பு என்ற இடத்தில் தன் கையெழுத்தில் எழுதியிருந்தார்: "எனக்கு நாலு வேண்டாம். இரண்டு போதும். மிச்சத்தைத் தேவையான ஆட்களுக்குக் கொடுக்கவும்." என் அளவை மறுத்த புள்ளிவிபரக்காரர்கூட மூன்று கேட்டவர்.